ரிப்ளிக்குப் போனால் முதலில் ஆற்றங்கரை வீட்டுக்குப் போங்கள்

ஒஹாயோ மாநிலத்தில் ரிப்ளி என்று ஒரு சின்ன ஊர். சின்சினாட்டியிலிருந்து ஆற்றை ஒட்டியே 52-ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் ஏறக்குறைய 50 மைல். அங்கே பார்க்க வேண்டிய வீடுகள் இரண்டு. ஒன்று குன்றின் மேல் இருக்கும் ஜான் ராங்கின் என்ற பாதிரியாரின் வீடு. இன்னொன்று கீழே, ஒஹாயோ ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஜான் பி. பார்க்கரின் வீடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒஹாயோ, அடிமைமுறை இல்லாத மாநிலம். அந்தப் பக்கம் கென்டக்கி, அடிமைமுறை இருந்த மாநிலம். அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு இந்த இரண்டு வீடுகளும் உதவின. இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். வருகிறவர்களில் நிறையப் பேர் மேல் வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வேன் சுற்றுலாவில் இங்கே வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நேராகக் குன்றின் மேல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொள்ள இருபது நிமிடம் கொடுத்தார்கள். திரும்பும்போது வேன் ஆற்றங்கரைத் தெரு வழியாக, பார்க்கர் வீட்டைத் தாண்டித்தான் போனது. கூட வந்த வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே இரண்டு வருடம் கழித்து, நூலகத்தில் அவருடைய தன்வரலாறு கைக்குக் கிடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். மாமா அமெரிக்கா வரும்போது அவரை இந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் என் மாமனார். கோயம்புத்தூர் கணபதியில், இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் 34 வருடம் மோல்டராக வேலை பார்த்தவர். பெட்டிக்குள் பேட்டர்னை, அதாவது வார்க்க வேண்டிய பொருளின் மாதிரியை, வைத்து, மணலைப் போட்டு இடித்து, பெட்டியைப் பிரித்து, பேட்டர்னை ஓரம் உதிராமல் உருவி எடுத்து, மறுபடி மூடி, உருகின இரும்பை ஊற்றுகிற வேலை. இரண்டு முன்னங்கையிலும் இரும்புத் துளி தெறித்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அடிமையாக இருந்த ஜான் பார்க்கரும் மோல்டர். அந்த வேலையைச் செய்து சேர்த்த காசில்தான் தன்னையே விலைக்கு வாங்கினார். இதை மாமாவிடம் போனில் சொன்னபோது, "அப்பிடிங்களா மாப்ள, நம்ம வேலைக்காரருங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பயணம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நான், மனைவி, பதினொரு வயது மகள், மாமா, நான்கு பேரும் கிளம்பினோம். வழி முழுக்க வலது பக்கம் ஆறு. பழைய புகையிலைக் கொட்டகைகள் அங்கங்கே நின்றன. ஆற்றில் நிலக்கரிப் படகுகள் மெதுவாகப் போயின. அகலத்தைப் பார்த்த மாமா, "இத நீந்தியா வந்தாங்க?" என்றார். அந்தக் காலத்தில் ஆறு இவ்வளவு அகலம் இல்லை. பிறகு கட்டின அணைகள்தான் நீர்மட்டத்தை இப்படி உயர்த்தி வைத்திருக்கின்றன. அப்போது மழை இல்லாத கோடையில் சில இடங்களில் ஆழமே இருக்காது. கடும் குளிரில் மேலே பனி உறைந்துவிடும். ஆனாலும் ஆற்றைத் தாண்டுவது எளிதான காரியம் இல்லை. கரை நெடுக ரோந்து இருந்தது, படகுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள், ஓடி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது.

பார்க்கர் வீடு சிவப்புச் செங்கல் கட்டிய இரண்டு மாடி வீடு. வாசலில் நின்றால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் கரை, அதற்கப்புறம் தண்ணீர், அதற்கப்புறம் கென்டக்கி. நடுவில் மறைப்பே கிடையாது. 1850-களிலிருந்து 1900-ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக 1997-ல் அறிவித்திருக்கிறார்கள். நடத்துவது உள்ளூர் ஆட்கள் சேர்ந்த ஒரு சங்கம். சுற்றிக் காட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல், சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். நான் மாமாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்திக் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கே தனியாக மதிப்பெண் கொடுப்பேன்.

பார்க்கரின் கதை 1827-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்தில் தொடங்குகிறது. அம்மா அடிமை, அப்பா வெள்ளைக்காரர். எட்டு வயதில் பையனை விற்றுவிட்டார்கள். ஒரு வயதான மனிதரோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டி ரிச்மண்டுக்கு நடத்திப்போனார்கள். அங்கிருந்து பெருங்கூட்டமாக, இன்னும் தெற்கே, அலபாமாவில் இருக்கிற மொபீல் வரைக்கும் நடை. வழியில் செடிகள் பூத்துக் கிடந்ததைப் பார்த்து, ஒரு குச்சியை எடுத்துப் பூக்களை எல்லாம் அடித்து உதிர்த்தேன் என்று பார்க்கரே சொல்லியிருக்கிறார். சங்கிலியில் போகிற குழந்தைக்கு, சும்மா நின்று பூக்கிற செடி மேல் வந்த ஆத்திரம் அது. என் மகள் இந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயது என்பது அவளுக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய சங்கதி.

மொபீலில் ஒரு டாக்டர் அவரை வாங்கினார். டாக்டரின் மகன்கள் யாருக்கும் தெரியாமல் புத்தகம் கொண்டுவந்து கொடுத்து எழுதப் படிக்கச் சொல்லித்தந்தார்கள். பிறகு பூச்சு வேலை செய்கிற ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அந்த ஆள் அடித்த அடி தாங்காமல் பார்க்கர் ஓடினார். ஆற்றுக் கப்பல்களில் ஒளிந்து போய், பிடிபட்டுத் திரும்பி வந்தார். அப்புறம்தான் ஃபவுண்டரி. அங்கே கை நன்றாகப் படிந்துவிட்டது, ஆனால் வாய் அடங்கவில்லை. தகராறு மேல் தகராறு. கடைசியில் டாக்டர் அவரை வயல் வேலைக்கு விற்றுவிடப் பார்த்தார். வயலுக்குப் போனால் முடிந்தது கதை. டாக்டரிடம் வைத்தியம் பார்க்க வருகிற எலிசபெத் ரைடர் என்ற விதவை அம்மாவிடம் போய், என்னை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், உழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று பார்க்கர் கெஞ்சினார். அந்த அம்மா தயங்கினார், பார்க்கர் விடவில்லை, கடைசியில் ஒத்துக்கொண்டார். விலை 1,800 டாலர். வாரம் 10 டாலராக அடைக்க வேண்டும்.

மாமா உடனே கணக்குப் போட்டார். "நூத்தி எம்பது வாரம். மூணரை வருசமுங்க." ஆனால் பார்க்கர் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபவுண்டரியில் கூடுதல் வேலை செய்து, வாரக் கணக்கைவிட வேகமாக அடைத்து, 1845-ல் விடுதலைச் சீட்டு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 18. மாமா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என்னிடம், ஒரு நாளில் ஒரு ஆள் எத்தனை பெட்டி அடிக்க முடியும், இடுப்பு எவ்வளவு தாங்கும், வெயில் ஊரில் உலைக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று விளக்கமாகச் சொன்னார். வழிகாட்டி அம்மா என்னவென்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா மாமாவின் கையைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன், இந்த வேலையைச் செய்த ஒருவர் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை என்றார்.

விடுதலை ஆனவர் வடக்கே போய், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கவும் நினைத்தார். சின்சினாட்டியில் அவர் தங்கியிருந்த வீட்டில் ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். கென்டக்கியின் மேஸ்வில்லில் இரண்டு பெண்கள் சிக்கியிருக்கிறார்கள், கூட்டிவர உதவி செய் என்று அவர் கேட்டார். பார்க்கர் உடனே சரி என்று சொல்லவில்லை. தனக்கே இப்போதுதான் விடுதலை கிடைத்திருக்கிறது, பிடிபட்டால் எல்லாம் போகும். ஆனாலும் போனார், கூட்டிவந்தார். 1848-ல் மிராண்டா போல்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் ரிப்ளிக்குக் குடிவந்து, பகலில் ஃபவுண்டரி, இரவில் படகு என்று ஏறக்குறைய பதினைந்து வருடம் வாழ்ந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தப்பி வந்தவர்களுக்கு ஒஹாயோ கரையில் கதவைத் திறந்தவர்கள் பலர். அவர்கள் செய்ததும் பெரிய காரியம்தான். பார்க்கர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கவில்லை. துடுப்புப் போட்டு அந்தக் கரைக்கே போனார். அங்கே கறுப்பு மனிதர் ஒருவர் இரவில் பிடிபட்டால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அவர் தலைக்குக் கென்டக்கியில் 1,000 டாலர் விலை வைத்திருந்தார்கள். ரிப்ளிக்குள்ளேயும் நிம்மதி இல்லை. சந்துக்குள்ளிருந்து யாராவது பாய்ந்துவிடுவார்கள் என்பதால் நடைபாதையில் நடக்க மாட்டார், நடுத்தெருவில்தான் நடப்பார். பையில் துப்பாக்கி, இடுப்பில் கத்தி இல்லாமல் வெளியே போகமாட்டார்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்காக ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வழிகாட்டி விட்டுவிட்டால் கேட்டு வாங்குங்கள். கென்டக்கியில் ஒரு பண்ணைக்காரர். அவருடைய மகன் பார்க்கரின் ஃபவுண்டரியில் வேலை பார்த்தான். முடிந்தால் எங்கள் அப்பாவின் அடிமைகளைக் கூட்டிப்போய்ப் பார் என்று அவன் சவால் விட்டான். அங்கே ஒரு புருசன், பெண்டாட்டி, கைக்குழந்தை. இருவரும் ஓடிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் பண்ணைக்காரர் குழந்தையைத் தாய் தகப்பனிடம் விடாமல், ராத்திரியில் தன் கட்டிலின் கால்மாட்டில் படுக்கவைத்தார். பக்கத்து நாற்காலியில் மெழுகுவத்தியும் குண்டு போட்ட துப்பாக்கியும். பார்க்கர் காலணியைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் தவழ்ந்து போய்க் குழந்தையை எடுத்தார். நாற்காலி சாய்ந்தது, துப்பாக்கி விழுந்தது, பண்ணைக்காரர் விழித்துக்கொண்டார். பின்னாலிருந்து குண்டு பறக்க, ஓடிப்போய்ப் படகில் ஏறினார்கள். அன்று இரவே அந்த மூன்று பேரையும் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்தார். பண்ணைக்காரர் துரத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோது, தூக்கத்திலிருந்து எழுந்தவராக வந்து, உள்ளே வந்து தேடிக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் தேடிய அறைகளில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு இதைவிட மனதில் தங்கிப்போனது இன்னொன்று. அதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன், ஆனால் ஆற்றைப் பார்த்தபடி கேட்டது வேறு மாதிரி இருந்தது. ஒரு முறை கென்டக்கிக்குள் நெடுந்தூரம் போய், பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்தார். வழியிலேயே ஒருவர் பிடிபட்டுவிட்டார். மற்றவர்கள் ஆற்றங்கரைக்கு வரும்போது பின்னால் துரத்துகிறவர்களின் சத்தம் கேட்கிறது. இருப்பது ஒரே ஒரு படகு. எல்லோரும் ஏற இடம் இல்லை. இரண்டு ஆண்கள் கரையில் நிற்கிறார்கள். படகில் இருந்த ஒரு பெண் கதறுகிறாள், கரையில் நிற்கிற இருவரில் ஒருவர் அவள் புருசன். அப்போது படகில் இருந்த ஒரு ஆள், கல்யாணம் ஆகாதவர், எதுவும் பேசாமல் எழுந்து கரையில் இறங்கித் தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார். பார்க்கர் படகைத் தள்ளினார். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தால், அவர் நின்ற இடத்தில் விளக்கு வெளிச்சம். பிடித்துவிட்டார்கள்.

அந்த மனிதரின் பெயர் எங்கேயும் இல்லை. பார்க்கர் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. வழிகாட்டி அம்மா சொல்லி முடித்த பிறகு ஜன்னலைக் காட்டினார். எங்கே நடந்திருக்கும் என்று சுட்டிக்காட்ட முயலவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி கொஞ்சம் ஒதுங்கி நின்றார். நான் இதைத் தமிழில் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

பெயர்கள் ஏன் இல்லை என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. மாமாவை உலுக்கியது அதுதான். பார்க்கர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். யாரைக் கூட்டிவந்தேன், எந்தத் தேதி, எப்படி வந்தார்கள் என்று எல்லாம் எழுதி வைத்தார். அவர் கணக்குப்படி அதில் 315 பேர். 1850-ல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. உதவி செய்து மாட்டினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வீடு, தொழில், குடும்பம் எல்லாம் இருக்கிறது, அத்தனைக்கும் எதிரான சாட்சி அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. குறிப்பேட்டை எடுத்துப்போய் ஃபவுண்டரியில் இரும்பை உருக்குகிற குப்போலா உலையில் போட்டுவிட்டார்.

"குப்போலாவுலயா?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்றேன். மாமா கையைத் தலைக்கு மேல் தூக்கி, கோக் என்கிற எரிகரியும் இரும்பும் சுண்ணாம்புக் கல்லும் கொட்டுகிற வாய் எங்கே இருக்கும் என்று காட்டினார். மேலே நின்று போட வேண்டும், போடும்போதே முகத்தில் அனல் அடிக்கும், காகிதம் கீழே விழுகிற வரை கூடத் தாங்காது, நடுவிலேயே கரியாகி மேலே பறந்துவிடும் என்றார். ஒரு கூடை கோக் அளப்பது மாதிரி இரண்டு கையையும் விரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, "முந்நூத்திப் பதினஞ்சு பேருங்க" என்றார். வழிகாட்டி அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த உலையை இன்று பார்க்க முடியாது. தொழிற்சாலையைப் பார்க்கலாம் என்று யாரும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வீடு. ஆனால் பார்க்கரின் தொழில் பக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் வராதீர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு அவர் பெரிய ஃபவுண்டரி நடத்தினார். புகையிலை அழுத்தும் திருகு இயந்திரத்துக்கு 1884-லும் 1885-லும், மண்கட்டி உடைக்கும் கருவிக்கு 1890-லும் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் காப்புரிமை வாங்கிய கறுப்பின மக்கள் மிகக் குறைவு. புகையிலை என்றால் இந்த ஊருக்கு உயிர். வெள்ளை பர்லி என்ற ரகம் 1864-ல் இதே பிரௌன் கவுண்டியில்தான் கிடைத்தது, அப்புறம் ஊரே அதில்தான் பிழைத்தது. இலையைப் பீப்பாயில் திணித்து அழுத்த நல்ல இயந்திரம் வேண்டும், பார்க்கர் செய்து கொடுத்தார். காப்புரிமை வரைபடங்களை நான் போனில் எடுத்துக் காட்டினேன். மாமா இரண்டு விரலால் பெரிதாக்கி, எந்தப் பாகம் வார்ப்பு, உள்ளே குழி விழுவதற்கான கோரை எங்கே வைத்திருப்பார்கள், எங்கே கடைசல் பிடித்திருப்பார்கள் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "பாத்தியா கண்ணு, திருகுல மரை எவ்வளவு அகலமா உட்டிருக்காரு" என்றார். அவள் "அப்புச்சி, இத நீங்க செய்வீங்களா?" என்றாள். "பேட்டர்ன் குடுத்தா நாளைக்கே" என்றார்.

உள்நாட்டுப் போரின்போது வடக்கின் படையில் சேர்ந்த 27-ஆவது கறுப்பினப் படைப்பிரிவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவரும் பார்க்கர்தான். பிள்ளைகள் எல்லோரையும் படிக்கவைத்தார். அவருடைய கதை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், 1880-களில் ஒரு பத்திரிகையாளர் வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டது. அந்தக் கையெழுத்துப் பிரதி டியூக் பல்கலைக்கழக ஆவணங்களுக்குள் கிடந்து, 1996-ல்தான் புத்தகமாக வந்தது. படித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். முதலில் வீட்டைப் பாருங்கள், திரும்பி வந்து படியுங்கள். வரிசை மாறினால் நான் பட்ட மாதிரி, நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்க வேண்டிவரும். என் மனைவி எதுவும் தெரியாமல் வந்தாள், அவளுக்குத்தான் இந்த வீடு முழுசாகக் கிடைத்தது.

அப்புறம் மேலே போனோம். ஊரிலிருந்து குன்றுக்கு ஏற நூறு படி என்று சொல்லப்படும் படிக்கட்டு இருக்கிறது, கார் போகச் சாலையும் இருக்கிறது. மாமாவுக்கு முழங்கால் வலி, அதனால் அவரும் மனைவியும் காரில் வந்தார்கள், நானும் மகளும் படியேறினோம். ராங்கின் 1820-களின் கடைசியிலிருந்து இங்கே குடியிருந்தார், பதின்மூன்று பிள்ளைகள். இவ்வளவு சின்ன வீட்டில் எப்படி இருந்தார்கள், அதற்கு மேல் விருந்தாளிகளை எங்கே ஒளித்தார்கள் என்று உள்ளே போனதும் யாருக்கும் தோன்றும். வர்ஜீனியாவில் இருந்த சகோதரர் அடிமைகளை வாங்கினார் என்று கேள்விப்பட்டு அவருக்கு ராங்கின் எழுதிய கடிதங்கள் முதலில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தன, 1826-ல் புத்தகமாயின. அடிமைமுறையை ஒழிக்கப் பத்திரிகை நடத்திய வில்லியம் லாயிட் காரிசன் அதைப் படித்துத் தன்னை ராங்கினின் சீடன் என்று சொல்லிக்கொண்டார். ராத்திரியில் ஜன்னலில் வைத்த விளக்கு கென்டக்கிக் கரைக்குத் தெரியும். 1838 குளிர்காலத்தில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடைகிற பனிக்கட்டி மேல் ஆற்றைத் தாண்டி இந்த வீட்டுக்குத்தான் வந்தாள்.

நல்ல வீடு, நன்றாக வைத்திருக்கிறார்கள், காட்சியும் அழகு. மேலே நின்று பார்த்தால் ஆறு வளைந்து போவது நெடுந்தூரம் தெரியும். ஆனால் காலையில் கீழே இருந்துவிட்டு வந்ததால் நான் பார்த்தது அந்த அழகை இல்லை. கீழே சிவப்பாகத் தெரிந்த அந்த ஒரு கூரையிலிருந்து அந்தக் கரைக்கு எவ்வளவு தூரம், ஒரு ஆள் துடுப்புப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன தடவை அதே இடத்தில் நின்று படம் எடுத்தேன். அந்தப் படத்திலும் பார்க்கர் வீடு இருக்கிறது, அது எது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு வீடும் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், பருவத்திலும் வாரத்தில் சில நாட்கள்தான். கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கர் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. கட்டணம் பெரிதாக ஒன்றும் இல்லை. நன்கொடைப் பெட்டியில் போடுவதைத் தாராளமாகப் போடுங்கள், தன்னார்வலர்கள்தான் இந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப்போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கதைகள் கனமாக இருக்கும். பத்து வயதுக்கு மேல் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் வரும், அதற்கும் தயாராக இருங்கள். கார் ஓட்டிவந்த வழி முழுக்க என் மகள் அந்தப் படகிலிருந்து இறங்கிய மனிதரைப் பற்றியே கேட்டாள். அவரை என்ன செய்திருப்பார்கள், அவருக்கு அம்மா இருந்தாங்களா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன்.

கிளம்பும் முன் பார்க்கர் வீட்டில் வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். பெயர், ஊர், பிறகு கருத்து எழுதக் கொஞ்சம் இடம். நான் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். மாமா பேனாவை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தமிழில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார். அடுத்து, கோயம்புத்தூர். கருத்து எழுதுகிற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: மோல்டர்.